டர்போ கார் மாற்றங்கள்: காருக்குள் எடுத்த காணொளியை எவ்வளவு நம்பலாம்?

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் வட்டாரங்களில் டர்போ எஞ்சின் பொருத்திய சிறிய கார்கள் பெருகின. அவற்றின் திறனைக் கூட்டித் தருவதாகச் சொல்லும் பட்டறைகளும் பெருகின. கூடவே ஒரு வகைக் காணொளியும் கைப்பேசிகளில் பரவலாகச் சுற்றி வருகிறது. திரை இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு பக்கம் மாற்றத்துக்கு முந்தைய கார், மறுபக்கம் மாற்றம் செய்த கார். இரண்டு வேகமுள்களும் ஒரே நேரத்தில் புறப்பட, ஒன்று மற்றொன்றைவிடக் கண்கூடாக முந்திக்கொண்டு 100-ஐத் தொடும். பல ஆயிரம் ரூபாய் செலவழிப்பதா வேண்டாமா என்று யோசிக்கும் ஒருவர், பெரும்பாலும் இந்த ஒரு காட்சியை வைத்தே முடிவெடுக்கிறார்.

இத்தகைய காணொளியை ஆதாரமாக ஏற்கலாமா என்பதே பலருக்கும் உள்ள குழப்பம். காட்சியாக மட்டும் பார்த்தால் அது எதையும் நிரூபிப்பதில்லை. அளவீடாக எடுத்துக்கொண்டு, சில கட்டுப்பாடுகளோடு படம்பிடித்து, ஃபிரேம் ஃபிரேமாக, அதாவது ஒவ்வொரு தனிப் படமாகப் படித்தால், செலவில்லாமல் கிடைக்கும் நல்ல சோதனைக் கருவியாக அது ஆகிவிடும். ஏன் அப்படி என்பதைப் புரிந்துகொள்ள, டர்போ என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

டர்போவில் மாற்றப்படுவது எது?

எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறு விசிறியைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு விசிறி வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி, எஞ்சினுக்குள் செலுத்துகிறது. காற்று கூடுதலாக உள்ளே போனால் எரிபொருளையும் கூடுதலாக எரிக்கலாம். அதனால்தான் 1 லிட்டர் எஞ்சின் ஒன்று 1.5 லிட்டர் எஞ்சினின் வேலையைச் செய்கிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905-லேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். கொங்கு நாட்டுக்கும் இது புதிதல்ல. நாமக்கல், சங்ககிரி லாரிப் பட்டறைகளும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளைப் பராமரிப்பவர்களும் டீசல் டர்போவைக் கழற்றி மாட்டிப் பழகியவர்கள். புதிதாக வந்திருப்பது, அதைக் கணினி வழியாகக் கட்டுப்படுத்தும் பெட்ரோல் டர்போதான்.

வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் டர்போ கூட்டித் தரும் அழுத்தத்தை பூஸ்ட் என்கிறார்கள்; அதை அளக்கும் அலகு 'பார்'. அது எல்லை மீறாமல் புகையின் ஒரு பகுதியைத் திருப்பிவிடும் கதவு வேஸ்ட்கேட். அழுத்தப்பட்டுச் சூடான காற்றை எஞ்சினுக்குள் போகுமுன் குளிர்விப்பது இன்டர்கூலர். இவை அனைத்துக்கும் கட்டளையிடுவது இ.சி.யு. என்னும் எஞ்சின் கணினி. அந்தக் கணினியில் பதிந்திருக்கும் பூஸ்ட் இலக்கு, எரிபொருள் அளவு, தீப்பொறி விழும் நேரம், முறுக்குவிசை வரம்பு ஆகியவற்றை மாற்றி எழுதுவதே ரீமேப். வேறு எதையும் தொடாமல் ரீமேப் மட்டும் செய்தால் அதை ஸ்டேஜ் 1 என்றும், டர்போவை அடுத்த புகைக்குழாயான டவுன்பைப்பையும் இன்டர்கூலரையும் சேர்த்து மாற்றினால் ஸ்டேஜ் 2 என்றும் பட்டறைகளில் சொல்வார்கள். டர்போவையே பெரிதாக்குவது அதற்கும் அடுத்த படி.

பூஸ்ட் மானி சொல்லாமல் விடுவது

டேஷ்போர்டில் தனியாகப் பொருத்திய பூஸ்ட் மானியைக் காட்டி, "முன்பு 0.8 பார், இப்போது 1.2 பார்" என்று சொல்லும் காணொளிகள் பல உண்டு. அந்த எண்ணை நேரடியாகத் திறன் என்று படித்துவிடக் கூடாது.

தோட்டத்தில் மோட்டார் ஓடும்போது கேட் வால்வைப் பாதி மூடினால் பிரஷர் கேஜின் முள் ஏறும், வாய்க்காலில் விழும் தண்ணீர் குறையும் என்பது நம் ஊர் விவசாயிகள் அனைவரும் அறிந்தது. பூஸ்ட் மானியும் அந்த கேஜைப் போன்றதுதான். அது காட்டுவது அழுத்தம், ஓட்டம் அல்ல. எஞ்சின் தலைப்பகுதியிலும் புகைக்குழாயிலும் தடை அதிகமாக இருந்தால் அழுத்தம் கூடும், ஓட்டம் கூடாது. மாறாக, டவுன்பைப்பை அகலமாக்கினால், பூஸ்ட் எண் மாறாமலே எஞ்சின் வழியாகப் போகும் காற்று கூடிவிடும். அதேபோல், அழுத்தத்தை அதிகம் இழக்காமல் காற்றை நன்றாகக் குளிர்விக்கும் ஒரு இன்டர்கூலரை மாட்டினால், அதே பூஸ்டில் அடர்த்தியான காற்று கிடைக்கும். மானியில் தெரியாத இந்த ஆதாயம் வேகத்தில் தெரியும்.

இன்னொரு சிக்கல் உயரம். பெரும்பாலான பூஸ்ட் மானிகள் வெளிக்காற்றின் அழுத்தத்தைச் சுழியாக வைத்து அளப்பவை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 410 மீட்டர் உயரத்திலுள்ள கோவையில் வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 0.965 பார்; 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் சுமார் 0.775 பார் மட்டுமே. எஞ்சினுக்குள் மொத்தம் 1.9 பார் வேண்டும் என்று கணினி குறிவைத்தால், கோவையில் மானி 0.93 காட்டும், ஊட்டியில் 1.12 காட்டும். ஊட்டியில் எடுத்த காணொளியில் பூஸ்ட் கூடியிருப்பதைப் பார்த்து "மலை மேலே வண்டி இன்னும் நன்றாக இழுக்கிறது" என்று எண்ணுவது தவறு. உள்ளே போகும் காற்று அதே அளவுதான். அதைக் கொடுக்க டர்போ கூடுதலாகச் சுழன்று, கூடுதலாகச் சூடாகிறது.

பூஸ்ட் மானியில் பார்க்கத் தகுந்தவை உச்ச எண்ணைவிட மூன்று நேரங்கள்: பெடலை மிதித்ததிலிருந்து முள் கிளம்ப எடுத்துக்கொள்ளும் நேரம், உச்சத்தைத் தொடும்போது எஞ்சின் சுழலும் வேகம், நிமிடத்துக்கு 5,000 சுழற்சிக்கு மேல் முள் எவ்வளவு விரைவாகச் சரிகிறது என்பது. ஒரு நொடி 1.3 பார் வரை துள்ளிவிட்டு 1.0 பாருக்கு இறங்கிவிடும் காரும், 1.1 பாரை இறுதி வரை தாங்கும் காரும் ஒன்றல்ல. காணொளியின் முகப்புப் படத்தில் வருவது பெரும்பாலும் அந்தத் துள்ளல்தான்.

வேகமுள், கேமரா, ஃபிரேம்

ஐக்கிய நாடுகள் அவையின் 39-ஆம் எண் வாகன ஒழுங்குவிதி, வேகமானி உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்கிறது. கூட்டிக் காட்டலாம், ஆனால் உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்குடன் மணிக்கு 4 கிலோமீட்டர் சேர்த்த அளவுக்கு மேல் கூட்டக் கூடாது. அதாவது கார் உண்மையில் 100-ல் போகும்போது முள் 114 வரை காட்டினாலும் விதி மீறப்படவில்லை. எனவே இரண்டு வெவ்வேறு கார்களின் வேகமுள்களை அருகருகே வைத்து ஒப்பிடுவதற்கு அடிப்படையே இல்லை. ஒரே காரின் முந்தைய, பிந்தைய ஓட்டங்களை ஒப்பிடும்போது மட்டும் இந்தப் பிழை இரு பக்கமும் ஒரே அளவாக இருந்து தள்ளுபடியாகிவிடும்.

அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: டயர் மாறியிருக்கக் கூடாது. 185/60 ஆர்15 டயரின் விட்டம் 603 மில்லிமீட்டர். 195/60 ஆர்15 டயரின் விட்டம் 615 மில்லிமீட்டர். 2 சதவீதம் பெரிய டயர் என்றால், முள் காட்டும் அதே வேகத்துக்கு உண்மை வேகம் 2 சதவீதம் கூடுதல். அந்த வேகத்துக்குத் தேவைப்படும் ஆற்றல் 4 சதவீதம் கூடுதல். ரீமேப்புடன் டயரையும் அகலமாக்கியவர்களின் காணொளி, கிடைத்த ஆதாயத்தைக் குறைத்துக் காட்டும்.

கேமராவின் பிழை பலரும் நினைப்பதைவிடச் சிறியது. நொடிக்கு 30 ஃபிரேம் எடுக்கும் கைப்பேசியில் ஒரு ஃபிரேம் 0.033 நொடி, தொடக்கத்திலும் முடிவிலும் ஒவ்வொரு ஃபிரேம் தவறினாலும் 0.07 நொடிக்குள் அடங்கும். பெரிய பிழை முள்ளைப் படிப்பதில் உள்ளது. 60-லிருந்து 100 வரை போக 6 நொடி எடுக்கும் கார், நொடிக்கு மணிக்கு 6.7 கிலோமீட்டர் வீதம் வேகம் கூட்டுகிறது. கேமரா சற்றுப் பக்கவாட்டில் இருப்பதால் முள்ளை மணிக்கு 1 கிலோமீட்டர் தவறாகப் படித்தால் 0.15 நொடி போயிற்று. இரு முனையிலும் தவறினால் 0.3 நொடி. எண்ணாகக் காட்டும் வேகமானிகளும் விலக்கல்ல. அவை நொடிக்குச் சில முறை மட்டுமே மாறுவதாலும், எண் துள்ளாமலிருக்க உள்ளே சமன்செய்து காட்டுவதாலும், திரையில் தெரிவது சற்றுப் பழைய வேகம்.

கைப்பேசிகள் வெளிச்சத்துக்கு ஏற்ப ஃபிரேம் வீதத்தைத் தாமாகவே மாற்றிக்கொள்வதையும் இங்கே சொல்ல வேண்டும். ஃபிரேம்களை எண்ணி 30-ஆல் வகுப்பது அப்போது தவறான நேரத்தைத் தரும். கோப்பில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் பதிந்திருக்கும் நேர முத்திரையைப் பார்ப்பதே சரி.

0.7 நொடியின் மதிப்பு என்ன?

இதுவரை சொன்னவற்றை ஒரு கணக்கில் பொருத்திப் பார்த்தால்தான் பிழைகளின் அளவு உறைக்கும். ஓட்டுநரோடு 1,300 கிலோ எடையுள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 60-லிருந்து 100 கிலோமீட்டருக்கு அதைக் கொண்டுபோகத் தேவையான இயக்க ஆற்றல் சுமார் 321 கிலோஜூல். அதை 6.0 நொடியில் செய்தால், வேகம் கூட்டுவதற்கு மட்டும் செலவான சராசரித் திறன் 53.5 கிலோவாட், அதாவது சுமார் 73 குதிரைத்திறன். ரீமேப்புக்குப் பின் 5.3 நொடியில் செய்தால் 60.6 கிலோவாட், சுமார் 82 குதிரைத்திறன். காற்றுத் தடைக்கும் டயர் உருளலுக்கும் இரண்டிலும் 7 அல்லது 8 கிலோவாட் தனியாகப் போகிறது. ஆக, 0.7 நொடிக் குறைவு என்பது சக்கரத்தில் ஏறத்தாழ 10 குதிரைத்திறன் ஆதாயம்.

இதே 0.7 நொடியை எஞ்சினைத் தொடாமலே பெற எத்தனை வழிகள் உண்டு என்பதுதான் அடுத்த கேள்வி.

முதலாவது எடை. முந்தைய ஓட்டத்தில் பின் இருக்கையில் இரண்டு நண்பர்கள், பிந்தைய ஓட்டத்தில் ஓட்டுநர் மட்டும் என்றால், 140 கிலோ வேறுபாடு, அதுவே 0.65 நொடி. பக்கத்து இருக்கையில் அமர்ந்து படம்பிடிப்பவர் 70 கிலோ என்றால் அவரால் மட்டும் 0.3 நொடி. முதல் காணொளியை நண்பர் எடுத்து, இரண்டாவதைக் கண்ணாடியில் ஒட்டிய பிடிப்பானில் கைப்பேசியை மாட்டி எடுத்திருந்தால், விளம்பரப்படுத்தும் ஆதாயத்தில் பாதிக்கு அருகே இந்த மாற்றத்திலேயே வந்துவிடுகிறது. டேங்கில் 35 லிட்டர் பெட்ரோல் கூடுதலாக இருப்பது 0.1 நொடிக்குச் சமம்.

இரண்டாவது சரிவு. 100 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் சாலை கண்ணுக்குச் சமதளமாகவே தெரியும். ஆனால் மணிக்கு 80 கிலோமீட்டர் சராசரியில் அந்தச் சரிவு காருக்கு 2.8 கிலோவாட் இலவசமாகத் தருகிறது. எதிர்த்திசையில் அதே அளவை எடுத்துக்கொள்கிறது. ஏற்றத்தில் எடுத்த முந்தைய காணொளிக்கும் இறக்கத்தில் எடுத்த பிந்தைய காணொளிக்கும் இடையே 5.7 கிலோவாட், அதாவது 7 குதிரைத்திறனுக்கு மேல் வேறுபாடு.

மூன்றாவது காற்று. கொங்கு நாட்டில் இதைத் தனியாகப் பேசாமல் இருக்க முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் திறந்திருப்பதால், தென்மேற்குப் பருவக்காற்று வாளையாறு வழியாக வந்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் வரை பலமாக வீசுகிறது. அந்தப் பக்கம் காற்றாலைகள் நிற்பதற்கும் ஆடி மாதத்தில் இரு சக்கர வாகனம் தடுமாறுவதற்கும் அதுவே காரணம். கோவையிலிருந்து அவிநாசி வழியாகக் கிழக்கே போகும் நெடுஞ்சாலையில் இந்தக் காற்று பெரும்பாலும் முதுகுப் பக்கத்திலிருந்து வரும். வாளையாறு நோக்கித் திரும்பினால் முகத்தில் அடிக்கும். மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று, 80-ல் போகும் சிறிய காருக்கு முதுகில் வந்தால் 60-க்கான தடையையும், முகத்தில் வந்தால் 100-க்கான தடையையும் தரும். இரண்டுக்கும் இடையே சுமார் 4.2 கிலோவாட், அதாவது 5 முதல் 6 குதிரைத்திறன். சரிவும் காற்றும் ஒரே பக்கம் சேர்ந்துகொண்டால் மொத்தம் 9.9 கிலோவாட், ரீமேப் தந்ததாகச் சொன்ன 7.1 கிலோவாட்டை அது விழுங்கிவிடும்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு, ஒரே ஒரு ஓட்டத்தை ஒரே ஒரு திசையில் காட்டும் காணொளியை ஆதாரமாகக் கொள்ள முடியாது. யாரும் வேண்டுமென்று ஏமாற்றியிருக்க வேண்டியதில்லை. இயல்பான கவனக்குறைவே இவ்வளவு பெரிய பொய்யை உண்டாக்கப் போதும்.

வெப்பமும் பெட்ரோலும்

மார்கழிக் காலையில் 20 பாகையில் இருக்கும் காற்று, சித்திரை நண்பகலில் ஈரோட்டுச் சாலையில் இருக்கும் 40 பாகைக் காற்றைவிட 6 சதவீதத்துக்கு மேல் அடர்த்தியானது. டர்போ இதை ஓரளவு ஈடுகட்டிவிடும். ஆனால் உள்ளே போகும் காற்று சூடாக இருந்தால், எரிபொருள் தானாக வெடித்துத் தட்டும் நாக் என்னும் கோளாறு நேராமலிருக்க, கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்தித் திறனைக் குறைத்துக்கொள்ளும். அதனால்தான் குளிர்ந்த எஞ்சினில் எடுத்த முதல் ஓட்டம் சிறப்பாக இருந்து, மூன்றாவது, நான்காவது ஓட்டங்கள் தளர்ந்துபோகின்றன. மாற்றம் செய்த காரில் இந்தத் தளர்ச்சி கூடுதலாக இருந்தால், இன்டர்கூலர் புதிய பூஸ்டுக்குப் போதவில்லை என்று பொருள். பட்டறைகள் காட்டுவது முதல் ஓட்டத்தை. வாங்குபவர் கேட்க வேண்டியது நான்காவதை.

பெட்ரோலும் இடையில் மாறிவிட்டது. நாடெங்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாகியிருப்பதால், சில ஆண்டுகளுக்கு முன் எடுத்த காணொளியும் இன்று எடுப்பதும் ஒரே எரிபொருளில் ஓடியவை அல்ல. எத்தனாலின் ஆற்றல் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆனால் அது காற்றைக் குளிர்விக்கும், நாக் கோளாறையும் எளிதில் வரவிடாது. டர்போ காரில் மைலேஜ் குறைந்தும் இழுவை குறையாமலும் இருப்பதற்கு இதுவே காரணம். 95 அல்லது 100 ஆக்டேன் (நாக் கோளாறைத் தாங்கும் திறனைச் சொல்லும் எண்) பெட்ரோலுக்கென்று எழுதிய ரீமேப்பை அதே பெட்ரோலில் சோதிப்பது நியாயம்தான். ஆனால் முந்தைய ஓட்டம் சாதாரணப் பெட்ரோலிலும் பிந்தையது 100 ஆக்டேனிலும் என்றால், எது எஞ்சினால் வந்தது, எது பங்க்கிலிருந்து வந்தது என்று பிரிக்க முடியாது.

காணொளியில் பலரும் பயன்படுத்தாத பகுதி: ஒலி

நம்பகமான அளவு முள்ளில் இருப்பதைவிட ஒலியில் இருக்கிறது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுழற்சிக்கு ஒரு முறை எரிகிறது. எனவே மூன்று சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 முறை சுழலும்போது நொடிக்கு 150 எரிப்புகள். நான்கு சிலிண்டர் எஞ்சினில் 200. அந்த எண்ணிக்கையே உறுமலின் அடிப்படை அதிர்வெண். ஒடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் காணொளியின் ஒலியை இட்டு, அதிர்வெண் வரைபடமாகப் பார்த்தால், கார் வேகம் கூட்டும்போது 75-லிருந்து 150 வரை ஏறும் ஒரு சாய்கோடு தெளிவாகத் தெரியும். கியர் மாறாதவரை அந்தக் கோட்டின் சாய்வுதான் காரின் முடுக்கம். அந்தக் கியரின் விகிதமும் டயர் சுற்றளவும் தெரிந்தால், வேகமானியை ஒரு முறைகூடப் பார்க்காமல் உண்மை வேகத்தைக் கணக்கிடலாம்.

இந்த முறையால் வேறு மூன்று உண்மைகளும் வெளிப்படுகின்றன.

1. காணொளியின் ஓட்டத்தை யாராவது 5 சதவீதம் விரைவுபடுத்தியிருந்தால், ஒலியின் அதிர்வெண் காட்டும் சுழற்சி, திரையில் தெரியும் ஆர்.பி.எம். மானியைவிட 5 சதவீதம் கூடுதலாக வரும். (ஒலியின் சுருதியைத் தனியாகச் சரிசெய்யும் மென்பொருள்கள் உண்டு என்பதால், பொருந்திவருவது மட்டுமே நேர்மைக்குச் சான்றாகிவிடாது, பொருந்தாவிட்டால் சந்தேகத்துக்கு இடமில்லை.)

2. மேனுவல் கியர் காரில் ஒரே கியரில் எஞ்சின் சுழற்சிக்கும் சாலை வேகத்துக்கும் உள்ள விகிதம் மாறவே கூடாது. முறுக்குவிசை உச்சத்துக்கு வரும் இடத்தில் ஒலியின் கோடு திடீரென்று மேலெழும்பி, வேகம் அதற்கு ஈடாக ஏறாவிட்டால், கிளட்ச் வழுக்குகிறது. ரீமேப் செய்த கார்களில் இது அடிக்கடி நேர்வது. கேட்பவருக்கு அந்த உறுமல் உற்சாகமாகவே ஒலிக்கும். வரைபடம் மட்டுமே உண்மையைச் சொல்லும். கிளட்ச் தட்டை தீய்ந்துபோவதற்கு முன்னால் இதைக் கண்டுபிடித்துவிடுவது, முழுச் சோதனைக்கும் செலவழித்த உழைப்பை ஈடுசெய்துவிடும்.

3. பெடலை மிதித்த நொடிக்கும், கோடு செங்குத்தாகத் திரும்பும் நொடிக்கும் இடைப்பட்ட நேரமே டர்போ லேக். பெடலைக் காட்டும் ஒரு சிறு கேமரா இருந்தால் துல்லியம் கூடும்.

ஒலியின் அளவை மட்டும் எதற்கும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கைப்பேசியின் மைக், சத்தம் கூடும்போது தானாகவே உணர்திறனைக் குறைத்துக்கொள்ளும். காணொளியில் சத்தமாகக் கேட்கும் கார் உண்மையில் சத்தமான காராக இருக்க வேண்டியதில்லை. வேகமான காராக இருக்க வேண்டியது அதனினும் இல்லை.

ஒப்பிடத்தக்க காணொளியை எடுப்பது எப்படி?

1. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரே கார், ஒரே டயர், ஒரே காற்றழுத்தம், ஒரே அளவு பெட்ரோல், ஒரே ஆட்கள். ஏ.சி. இரண்டிலும் அணைந்திருக்க வேண்டும்.

2. ஒரே கியர். நின்ற நிலையிலிருந்து 100 வரை என்ற சோதனையில் கிளட்ச் விடும் திறமையும் டயரின் பிடிப்பும் கியர் மாற்றும் வேகமும் கலந்துவிடுகின்றன, எஞ்சின் மறைந்துபோகிறது. மூன்றாவது கியரில் 2,000 சுழற்சிக்குக் கீழிருந்து முழுப் பெடலில் எல்லை வரை விடுவதே டர்போவை முழுமையாகக் காட்டும்.

3. இரு திசையிலும் ஓட்டி, ஒவ்வொரு திசையிலும் கிடைத்த நேரத்திலிருந்து திறனைத் தனித்தனியே கணக்கிட்டு, பின் சராசரி எடுக்க வேண்டும். சரிவு இப்படி முழுவதும் கழிந்துவிடும்; காற்றுத் தடை வேகத்தின் இருமடியில் வளர்வதால் காற்று முழுவதும் கழியாது, பெரும்பகுதி கழியும். பருவக்காற்று பலமாக வீசும் மாதங்களில் சோதிக்காமல் இருப்பதே நல்லது.

4. ஒரு திசைக்கு மூன்று ஓட்டங்களாவது வேண்டும். அவற்றுக்கிடையே 0.3 நொடி சிதறல் இருக்குமானால், 0.3 நொடி ஆதாயத்தைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

5. இரண்டு காணொளிகளையும் பக்கம் பக்கமாக வைக்கும்போது, பெடலை மிதித்த நொடியில் பொருத்தினால் லேக் தெரியும். முள் 60-ஐத் தாண்டிய நொடியில் பொருத்தினால் இழுவை தெரியும். எந்த நொடியில் பொருத்தியது என்று சொல்லாத ஒப்பீட்டில், தொகுத்தவர் விரும்பிய கார்தான் வெல்லும்.

காரின் கணினியைப் பரிசோதிப்பதற்கான ஓ.பி.டி. இணைப்பில் செருகும் சிறு புளூடூத் கருவி இருந்தால், எஞ்சின் சுழற்சி, உள்ளழுத்தம், உள்காற்றின் வெப்பம், தீப்பொறி நேரம் ஆகியவற்றைக் கணினியிலிருந்தே பதிவுசெய்து காணொளியோடு சேர்க்கலாம். அது தரும் வேகம், டேஷ்போர்டு காட்டுவதைவிடப் பெரும்பாலும் உண்மைக்கு நெருக்கமாக இருக்கும், ஏனெனில் கூட்டிக் காட்டும் வேலை வழக்கமாக டேஷ்போர்டிலேயே நடக்கிறது. கைப்பேசியின் ஜி.பி.எஸ். பொதுவாக நொடிக்கு ஒரு முறைதான் வேகத்தைத் தருகிறது. 6 நொடி ஓட்டத்துக்கு அது போதாது. நொடிக்குப் பத்து முறை தரும் தனிக் கருவி போதும்.

காரை உருளைகள் மேல் நிறுத்தி ஓட்டித் திறனை அளக்கும் டைனோ சோதனைக்கு இது மாற்றாகிவிடாது. ஆனால் டைனோவின் விசிறியால் ஓடும் காரின் காற்றோட்டத்தைத் தர முடிவதில்லை. வானிலைக்கு ஏற்ற திருத்த எண்ணை, பூஸ்டைத் தானே சரிசெய்துகொள்ளும் டர்போ காருக்கு அப்படியே போட்டால் தாளில் திறன் மிகைப்படும். ஒழுங்காக எடுத்த இருதிசைக் காணொளியும் டைனோ வரைபடமும் ஒன்றை ஒன்று உறுதிசெய்யும்போதுதான் ஒரு பட்டறையின் சொல்லை நம்ப வேண்டும்.

மொத்த நேரத்தைவிட வரைபடத்தின் வடிவம்

60-லிருந்து 100 வரை இரண்டு கார்கள் ஒரே 5.3 நொடி எடுக்கலாம். ஒன்று சிறிய டர்போவில் ரீமேப் செய்தது. 1,800 சுழற்சியிலேயே இழுக்கத் தொடங்கி 5,000-க்கு மேல் களைத்துவிடும். மற்றொன்று பெரிய டர்போ மாட்டியது. 3,500 வரை எதுவும் நடக்காமல், பின் 6,500 வரை ஓயாமல் இழுக்கும். ஓட்டப் பாதைக்கு இரண்டாவது பொருந்தும். ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏற வேண்டியவருக்கும், அவிநாசி சாலையில் ஒவ்வொரு சிக்னலிலும் நின்று கிளம்ப வேண்டியவருக்கும் அது தண்டனையாக இருக்கும். நேரம் ஒன்றாக இருக்கும் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவது, சுழற்சிக்கு எதிராக வரைந்த முடுக்கக் கோடு மட்டுமே. காணொளியின் ஒலியிலிருந்தே அது கிடைத்துவிடும் என்பதால், பட்டறை ஒன்று அதைத் தர மறுத்தால் வேறு பட்டறை பார்ப்பது நல்லது.

சாலையும் சட்டமும்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. தயாரிப்பாளர் வழங்கிய அடிப்படை விவரங்களை மாற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் திருத்தத்தால் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஸ்டேஜ் 2-க்காக வினையூக்கி வடிகட்டி இல்லாத டவுன்பைப்பை மாட்டினால், 2020 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள பி.எஸ். 6 புகை வரம்பை அந்தக் கார் காக்க முடியாது. உத்தரவாதமும் காப்பீட்டு இழப்பீடும் கேள்விக்குள்ளாவது தனிக் கதை.

பொதுச் சாலையில் வேகப் பந்தயத்துக்கு 189-ஆம் பிரிவின் கீழ் மூன்று மாதம் வரை சிறைக்கு இடமுண்டு. வேகமுள்ளும் சாலையும் தேதியும் தெளிவாகத் தெரியும் காணொளி, எடுத்தவருக்கு எதிராகவே சாட்சியாகும். அதைவிடப் பெரிய காரணம், பல்லடம் சாலையிலும் பொள்ளாச்சி சாலையிலும் எந்த நேரத்திலும் மாட்டு வண்டியோ பள்ளிப் பேருந்தோ குறுக்கே திரும்பக்கூடும் என்பது. முழுப் பெடலில் மீண்டும் மீண்டும் ஓட வேண்டிய சோதனைக்கு அங்கே இடமில்லை.

இந்த வட்டாரத்துக்கு அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கிய கோவைக்காரரான கரிவரதனின் பெயரைத் தாங்கிய ஓட்டப் பாதை செட்டிபாளையத்தில் இருக்கிறது. 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் இந்த ஊர்க்காரர்தான். ஏறத்தாழ 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில், பொது ஓட்ட நாளொன்றில் கட்டணம் செலுத்தி ஓட்டும்போது, எதிரே வண்டி வராது, சாலையின் சரிவு ஓட்டத்துக்கு ஓட்டம் மாறாது. அங்கே எல்லாரும் ஒரே திசையில்தான் ஓட்ட முடியும் என்பதால் இருதிசைச் சராசரி எடுக்க வழியில்லை; அதற்கு ஈடாக, மாற்றத்துக்கு முந்தைய ஓட்டத்தையும் பிந்தையதையும் நேர்ப்பகுதியின் அதே 150 மீட்டரில், காற்று எழாத அதிகாலையில், வெப்பநிலையைக் குறித்துவைத்து எடுக்க வேண்டும்.